இரண்டு அலகு கூடுதலாக

காலைச் சர்க்கரை நூற்றைத் தாண்டினால் நாட்குறிப்பில் சிவப்பு மையால் எழுதுவேன். அந்தச் சிவப்பைச் சகிக்காமல், டொக்டரிடம் கேட்காமலே இன்சுலினை இரண்டு அலகு கூட்டினேன்.

மூன்றாம் நாள் வெள்ளவத்தைச் சந்தையில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மரக்கறி விற்ற பெண் தன் தேநீரில் சீனியை அள்ளிப்போட்டு நீட்டினார். "குடிங்க ஐயா, பிறகு கதைக்கலாம்."

டொக்டர் கேட்டார்: "நூறுக்குக் கீழ வேணுமெண்டு ஆர் சொன்னது? ஊசி போடுற உங்களுக்குக் காலையில நூற்று முப்பது வரை நல்லம். அடுத்தமுறை தேத்தண்ணி தர ஆள் இருக்காது."

நேற்று என் நாட்குறிப்பைப் பார்த்து அத்தான் சிரித்தார். "நூற்றிருபத்தஞ்சோ? எனக்குத் தொண்ணூறுதான்."

"நீங்கள் குளிசை மட்டும் விழுங்கிறவர் அத்தான், நான் ஊசி போடுறவன். தொண்ணூறுக்காக நான் இனிச் சந்தையில விழமாட்டன்."

அவர் சிரிக்கட்டும். உயிரைக் கொடுத்து நல்ல பெயர் வாங்க எனக்கு இனி விருப்பமில்லை.