டிரைவர் அப்பா உள்ளே வரக் கூடாது

அந்தக் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை அதிகம். ஒன்று, இத்தனை வருஷத்தில் வண்டியை எங்கேயும் உரசியதில்லை. இன்னொன்று, அவருடைய மகன் அதே கல்லூரியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். முதலாவதை அவரே எல்லோரிடமும் சொல்வார். இரண்டாவதை யாராவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருப்பார். யாரும் கேட்காவிட்டால், "இன்னைக்குப் பிராக்டிஸ் முடிய லேட்டாகும்போல" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார். அப்புறம் எதிரில் இருப்பவர் "யாருக்கு?" என்று கேட்டே ஆக வேண்டும்.

மகன் அவருக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அளந்துதான் பேசுவான். பேருந்தில் அப்பாவுக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து வருவதால் அணியில் அவனுக்குக் கிளீனர் என்று பெயர். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டி பின்னால் போகும்போது தலையை வெளியே நீட்டி, "வரலாம், வரலாம், போதும்" என்று சொல்லவும் செய்வான். ஒரு நாளில் அவன் பேசும் பேச்சில் பாதி அதுதான்.

அணிப் பையன்களுக்கு அவர் டிரைவர் அப்பா. அவர்கள் கோப்பைக்காக ஆடிய அந்த வருஷம் டிரைவர் அப்பா ஒன்றைத் தவிர வேறு ஆட்டம் எதையும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது அணியின் சட்டம்.

சட்டம் வந்தது இப்படி. முதல் ஆட்டம் வெளியூரில். போய் இறங்கியதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. அவர் வெளியே சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பையன்கள் ஜெயித்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்துக்குத் தலையை வாரிக்கொண்டு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். மகனைக் களத்தில் இறக்கினார்கள். பந்து அவனை நோக்கி வந்த நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அவன் பின்னால் ஓடி வந்தான். டிரைவர் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தெருமுனையில் நிற்பவனையும் திரும்ப வைக்கிற குரல் அவருக்கு. எழுந்து நின்று, "டேய், பின்னாடி வர்றான் பாரு!" என்று கத்தினார்.

மகன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பந்து அவன் காதில் பட்டு வெளியே போனது. அரங்கமே சிரித்தது. அதோடு அவன் கை ஓடவில்லை, அணியின் காலும் ஓடவில்லை. தோற்றார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு அவர் வெட்கப்பட்டுக்கொண்டு வண்டியிலேயே இருந்தார். ஜெயித்தார்கள். திரும்பும் வழியில் கேப்டன் எழுந்து நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அறிவித்தான்.

"டிரைவர் அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வெளிய இருந்தா நாம ஜெயிக்கிறோம். உள்ள வந்தா தோக்கிறோம். இனிமே வண்டிய விட்டு இறங்கக் கூடாது."

"நான் என்னடா, பூனையா? குறுக்க வந்தா ஆகாதுங்கிறீங்க?"

"பூனைன்னா கூடப் பரவாயில்லப்பா, கத்தாது" என்றான் ஏணி. அணியிலேயே உயரமானவன். வண்டிக்குள் நிமிர்ந்து நின்றால் தலை கூரையில் இடிக்கும்.

கோச், "என்னடா மூடநம்பிக்கை இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முதல் வெற்றியின்போது போட்டிருந்த நீல பனியனைத்தான் அவர் அந்த வருஷம் எல்லா ஆட்டத்துக்கும் போட்டார். கேட்டால், "இது உடம்புக்கு வசதியா இருக்குப்பா" என்பார். வண்டியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரப் பையன்கள் முறை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பனியனை அவர் துவைப்பதில்லை.

மகன் ஏதாவது சொல்வான் என்று டிரைவர் அப்பா பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பந்து பட்ட அந்தக் காதை விரல் தடவிக்கொண்டிருந்தது.

அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். சட்டமும் கெட்டியாகிக்கொண்டே போனது. சொந்தக் கல்லூரியில் ஆட்டம் என்றாலும் விடவில்லை. விடுதிக்கும் விளையாட்டுக் கூடத்துக்கும் கூப்பிடு தூரம்தான். இருந்தாலும் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவார்கள். அவர் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கூடத்து வாசலில் இறக்கிவிட வேண்டும். நடந்து போகிறவர்கள் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் வண்டியைக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம், இந்தப் பக்கம் அவர். ஷூக்கள் தரையில் கிரீச்சிடுவது கேட்கும். விசில் கேட்கும். நம் ஆட்கள் பந்து போட்டால் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் சத்தம் வரும். எதிரணி போட்டால், அடுக்களையில் தட்டு விழுந்த பிறகு வருமே, அப்படி ஓர் அமைதி. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். ஆனால் எந்த மழை தன் மகன் கொட்டியது என்று எப்படித் தெரியும்?

"இன்னைக்கு நீ எத்தனை போட்ட?" என்று கேட்பார்.

"ரெண்டு."

"எப்படிப் போட்ட?"

"கையாலதான்."

அவர் மனைவிக்கு அதே கல்லூரிக் கேண்டீனில் வேலை. டம்ளர் கழுவி அடுக்கிவிட்டு அவள் சில ஆட்டங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். சட்டம் அவளைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அவள் கத்துகிற ரகம் இல்லை. வந்ததும் அவர் அவளைப் பிடித்துக்கொள்வார்.

"சொல்லு, என்ன பண்ணான்?"

"பந்து வந்துச்சு, பிடிச்சான். குடுத்துட்டான்."

"யாருக்குக் குடுத்தான்?"

"ஒரு பையனுக்கு. நல்ல பையன்தான், நம்ம கேண்டீன்ல தட்டைத் தானே கழுவி வைப்பான்."

"அடியே, நான் ஆட்டத்தக் கேக்கிறேன்!"

"ஆட்டத்தத்தாங்க சொல்றேன். உங்களுக்கு வேணும்னா நேர்ல போய்ப் பாருங்க" என்பாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இறுதி ஆட்டம் அவர்கள் கல்லூரியிலேயே நடந்தது. மகனை அணியில் எடுத்ததே அந்த வருஷம்தான், அதுவே அவனுக்குக் கல்லூரியில் கடைசி வருஷமும். அன்றைக்கு ஆட்டம் முடிந்தால் அந்த மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அப்புறம் ஜென்மத்துக்கும் அவன் ஆடி இவர் பார்க்கப் போவதில்லை. கோப்பை வரட்டும், நல்லது. ஆனால் பையன் பந்தைப் போடும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வான், முழங்காலை மடக்குவானா மாட்டானா, இதுகூடத் தெரியாத அப்பனாகப் போகிறேனே என்று அவருக்கு அன்று காலையிலிருந்தே இதே நினைப்பு. அதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

ஆட்டம் தொடங்கியது. தட்டு விழுந்த அமைதிதான் அதிகம் வந்தது. மழை எப்போதாவதுதான் பெய்தது. இடைவேளை விசில் கேட்டது.

யாரோ ஓடி வரும் சத்தம். மகன்தான். வியர்வை சொட்டச் சொட்ட வண்டியின் படியில் வந்து நின்றான்.

"அப்பா, உள்ள வாங்க."

"என்னடா சொல்ற?"

"பத்துப் புள்ளி பின்னாடி இருக்கோம். வெளிய இருந்தும் தோக்கிறோம்னா ராசி மாறிடுச்சாம். கேப்டன் கூட்டிட்டு வரச் சொன்னான்."

"போடா டேய். வருஷம் பூரா வெளிய உக்கார வச்சுட்டு, முங்கப்போற நேரத்துல உள்ள கூப்பிடுறீங்களா? தோத்தா எந்தலையிலதான் விடியும். கோச் என்ன சொன்னாரு?"

"அவரு பனியனைத் திருப்பிப் போட்டுக்கிட்டாரு."

டிரைவர் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

"அவங்க சொன்னது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

மகன் காதைத் தடவினான். அந்தப் பழைய காதைத்தான்.

"தோத்தா தோத்துட்டுப் போறோம்ப்பா. கடைசி ஆட்டம். நீங்க வாங்க."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. இறங்கினார்.

வாசலுக்குப் போவதற்குள் அவருக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. பின்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க, தலை சுத்துதா?"

"பேசாம இரு. உள்ள வரணும்னு சொன்னாங்க, வந்துட்டேன். பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, பாக்கல. ரெண்டு ராசிக்கும் பொதுவா உக்காந்திருக்கேன். நீ பாத்துச் சொல்லு."

"நல்லா இருக்கு கூத்து" என்றாள் அவள். அக்கம்பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

வண்டி ஓட்டப் பழகியதிலிருந்து கண்ணை மூடாமல் இருப்பதுதான் அவர் தொழில். மூடிக்கொண்டு இருப்பது அதைவிடக் கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"யார் கையில பந்து?"

"ஏணி கையில. ஐயோ, இல்ல, பிடுங்கிட்டான்."

"எவன்?"

"பச்சைச் சட்டை."

"பச்சையில எவன்னு கேக்கிறேன்."

"அது எனக்கென்னங்க தெரியும்? எனக்கென்ன அவன் சொந்தமா பந்தமா?"

ஆனால் மழை வலுத்துக்கொண்டே வந்தது. பத்து ஆறானது, ஆறு மூன்றானது. மனைவியின் விரல்கள் அவர் முழங்கைச் சதையைப் பிடித்திருந்தன. புள்ளி நெருங்க நெருங்கப் பிடியும் இறுகியது. முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "ஒரே ஒரு புள்ளிதான், நேரமும் முடியப்போகுது!" என்று யாருக்கோ சொன்னார். அப்போது மனைவி அலறினாள்.

"உங்க புள்ளயத் தள்ளி விட்டுட்டாங்க!"

"அடி பட்டுச்சா?"

"எந்திரிச்சுட்டான். இப்ப எல்லாரும் ரெண்டு பக்கமா ஒதுங்கி நிக்கிறாங்க. இவன் மட்டும் நடுவுல தனியா நிக்கிறான். பந்து இவன் கையில."

"எத்தனை தடவை போடலாம்? நடுவர் கையப் பாரு."

"ரெண்டு விரல் காட்டுறாரு."

ஒன்று போட்டால் சமன். இரண்டு போட்டால் கோப்பை. கூடமே மூச்சை அடக்கியது. பந்து தரையில் தட்டப்படும் சத்தம், தட், தட், தட். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மழை. தகரம் பிய்த்துக்கொண்டு போகிற மழை.

"விழுந்துருச்சு!" என்றாள் மனைவி. "எப்படி விழுந்துச்சு?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் குரல் மாறியது.

"ஏங்க, அவன் இங்க பாக்குறான்."

"எங்க?"

"உங்களத்தான். நீங்க கண்ண மூடிட்டு உக்காந்திருக்கிறதப் பாக்குறான்."

கோப்பையா, பையனா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. யோசிக்கவும் இல்லை. கண்ணைத் திறந்தார்.

மகன் அவ்வளவு தூரத்திலிருந்து அவரைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கூடையைப் பார்த்தான். கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். சின்ன வயதில் ஊசியில் நூல் கோத்து அம்மாவுக்குக் கொடுப்பானே, அப்போது மடிப்பதுபோல. முழங்கால் மடங்கியது. கை மேலே போய், பந்து போன பிறகும் அப்படியே காற்றில் நின்றது, கடைசி விரல்வரை. பந்து விளிம்பில் விழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. வெளியே சரிந்தது.

கூட்டம் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள், வண்டிக் கூரையில் இடிக்கிற அந்த ஏணி மேலே எழும்பி, சரிந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப உள்ளே போட்டுவிட்டான். ஆட்டம் முடியும் மணி அடித்தது.

எல்லோர் வாயாலும் கத்தாதவள் என்று பேர் வாங்கிய மனைவி பலகைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். தெருவையே திருப்புகிற குரல்காரர் சத்தமே வராமல் உட்கார்ந்திருந்தார்.

கோப்பையோடு வளாகத்தைச் சுற்றும்போது வண்டிக்குள் பெரிய வழக்கு. டிரைவர் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்த கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அப்பா கண்ணத் தொறந்தாரு, கிளீனர் கோட்டை விட்டான். நான் சொன்ன சட்டம் சரிதான்" என்றான் கேப்டன்.

"கண்ணத் தொறந்தாரு, நாம ஜெயிச்சோம். சட்டம் செல்லாது" என்றான் ஏணி.

"ரெண்டும் இல்ல, என் பனியன்தான்" என்றார் கோச். ஒரு நொடி எல்லோரும் அவரையே பார்த்தார்கள். "சும்மா சொன்னேன்ப்பா" என்றார்.

மகன் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்திருந்தான். டிரைவர் அப்பா சாலையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"என்னா அழகா விட்ட தெரியுமா? கை அப்படியே நின்னுச்சுடா."

"அது வெளிய போயிடுச்சுப்பா."

"போனா போகுது. நான் பாத்தேன்ல."

கொஞ்ச தூரம் போனார்கள். பின்னால் எங்கோ பாட்டுத் தொடங்கியது.

"மொதல்ல உள்ள போச்சே, அது எப்படிடா விட்ட? உங்கம்மா 'விழுந்துருச்சு'ன்னா. அவ்வளவுதான் தகவல்."

மகன் குனிந்து ஷூவைக் கழற்றினான். காலுறையைக் கழற்றிப் பந்தாகச் சுருட்டினான். எழுந்து நின்று, "வண்டிய நிறுத்துங்கப்பா" என்றான்.

அவர் ஓரமாக நிறுத்தி, இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். பையன்கள் நடுப்பாதையை விட்டு ஒதுங்கினார்கள், களத்தில் ஒதுங்கினதைப்போலவே இரண்டு பக்கமும். கடைசி வரிசையில் ஏணி தலையைச் சாய்த்துக்கொண்டு எழுந்து கோப்பையைக் கூரைவரை தூக்கிப் பிடித்தான்.

"டேய், அது புதுக் கோப்பைடா!" என்றார் கோச்.

"உங்க பனியனுக்கு இந்தக் காலுறை தேவலாம் சார்" என்றது ஒரு குரல்.

மகன் கீழுதட்டை மடித்தான். முழங்காலை மடக்கினான். காலுறை எல்லோர் தலைக்கும் மேலாகப் போய், விளிம்பில்கூடப் படாமல் கோப்பைக்குள் விழுந்தது.

"இப்படித்தான்ப்பா" என்றான்.

டிரைவர் அப்பா ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவில்லை.