பெரியவள் காதிலிருந்து கழற்றிய கம்பி

செம்பூரிலிருந்து தாராவிக்குக் கிளம்பியபோது என் கைப்பையில் குழந்தைக்கு மாற்றுத் துணி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் இவற்றோடு புது பிளேடு பாக்கெட் ஒன்றும் இருந்தது. முந்தின நாளே வாங்கி, உறை பிரிந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து வைத்தது. என் மகளுக்கு அன்று முடியெடுத்துக் காது குத்துவதாக ஏற்பாடு. அவளுக்கு அப்போது பதினொரு மாதம்.

கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். மாமனார் காலத்திலிருந்து தாராவியில் மாவுக்கடை. இப்போது கடையைப் பார்ப்பவர் கணவரின் அண்ணன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு நான்கு வயதில் ஒரு பெண். என் மகளோடு சேர்த்துச் சொல்லும்போது அவளை எல்லோரும் பெரியவள் என்பார்கள்.

கோயில் என்றாலும் அது சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய அம்மன் சன்னதி. முடியெடுப்பவர் எங்களுக்கு முன்பே இரண்டு குழந்தைகளுக்கு மொட்டை போட்டு முடித்திருந்தார். கத்தியைத் தண்ணீரில் அலசிவிட்டு என் மகளின் தலையை நனைக்கத் தொடங்கினார்.

"புது பிளேடு மாத்திடுங்க," என்றேன்.

"காலைலதாம்மா மாத்துனேன்."

"இவளுக்கு இப்ப மாத்துங்க. நானே கொண்டுவந்திருக்கேன்."

பாக்கெட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மாமியாரைப் பார்த்தார்.

"ஏட்டி, சாமி முன்னால வச்சா இந்தப் பேச்சு பேசுத?" என்றார் அத்தை. "எம் பிள்ளைய ரெண்டு பேருக்கும் ஒரே கத்திலதான் எடுத்துச்சு. எவனுக்கு என்ன வந்து கெடக்கு?"

பின்னாலிருந்து ஓர் உறவுக்காரப் பெண்மணி, "மாட்டுங்கா காலேஜ்ல படிச்ச மருமவல்லா! இப்பம் பிளேடும்பா, நாளைக்குப் பூசாரிய சோப்பு போட்டுக் கை களுவிட்டு வாரும்பா," என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "சோட் தோ, விடு," என்று மெல்லச் சொன்னார்.

நான் விடவில்லை. நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் முடியெடுப்பவர்தான், "சரி தாயி, உங்க பிளேடு, உங்க பிள்ள," என்று வாங்கி மாற்றினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காது குத்துவது அடுத்து. அந்த வீட்டில் பெண் குழந்தைக்கு முதல் கம்பி கடையில் வாங்குவதில்லை. மூத்த பெண் போட்டிருக்கும் தங்கக் கம்பியைக் கழற்றி இளைய பெண்ணுக்குப் போடுவார்கள். மூத்தவளுக்கு அன்று புதுத் தோடு. கம்பியின் நுனிதான் ஊசி. ஆசாரி அதைக் கூராக்கி, அதாலேயே குத்தி, அப்படியே வளைத்து முடுக்கிவிடுவார்.

பெரியவளின் வலது காதுக் கம்பி சுலபமாகக் கழலவில்லை. ஆசாரி திருகி இழுத்தபோது அவள் அலறினாள். காது மடலில் ஒரு துளி ரத்தம். அக்கா முந்தானையால் ஒற்றிக்கொண்டு அவளைத் தூக்கிப் போனாள். ஆசாரி கம்பி நுனியை அரத்தில் இரண்டு தேய் தேய்த்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். கிண்ணத்திலிருந்த எண்ணெயில் தோய்த்தார். துண்டில் ஓர் இளஞ்சிவப்புக் கோடு விழுந்ததை நான் பார்த்தேன். தெளிவாகவே பார்த்தேன்.

வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். "இப்பம் என்னட்டி?" என்று கேட்கத் தயாராக இருந்த முகம். என் அண்ணன் தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்துத் தலையைப் பிடித்திருந்தான். மருமகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சண்டைதான் அனுமதி. அதை நான் பிளேடுக்கே செலவழித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். குழந்தை வீறிட்டாள். எல்லோரும் வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டார்கள்.

அது தை மாதம். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அக்கா செம்பூர் வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது குழந்தை உண்டாகி மூன்று மாதம். பெரியவளை டிவி முன் உட்கார வைத்துவிட்டு, சமையலறையில் நின்றபடியே பையிலிருந்து ஒரு பைலை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தாவ. இதுல என்னமோ பாசிட்டிவ்னு போட்டிருக்காம். நீ வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். ஹெபடைடிஸ் பி, ரத்தத்தின் வழியாகத் தொற்றும் ஈரல் நோய்.

"காமாலைங்காவ. காமாலைன்னா கண்ணு மஞ்சளா இருக்கணும்லா? பாரு, எனக்கு எங்கன மஞ்சளா இருக்கு?" கண்ணை விரித்துக் காட்டினாள். வெள்ளையாகத்தான் இருந்தது.

வெளியே ஒன்றும் தெரியாமலே ரத்தத்தில் அது பல வருடம் இருக்கலாம் என்று அவளுக்குச் சொன்னேன். பிறந்த உடனே குழந்தைக்கு ஊசி போட்டால் அதற்கு வராமல் தடுக்கலாம் என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருந்த என் கண் கூடத்தில் டிவி பார்க்கும் பெரியவளின் வலது காதில் இருந்தது. அங்கே இப்போது புதுத் தோடு. பழைய கம்பி என் மகளின் காதில்.

"பெரியவள எங்கக்கா பெத்தீங்க? அப்ப இந்த டெஸ்ட் எடுத்தாங்களா?"

"ஊர்ல. என்ன எடுத்தாவளோ யாருக்குத் தெரியும்? அந்த பைலு எங்க கெடக்கோ."

"அவளுக்கும் ஒரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துடலாமே."

அக்கா பைலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கும் இருக்குன்னு ஒரு தாள்ல எளுதிட்டா, நாளைக்கு எவன் கட்டுவான்? நீ யார்ட்டயும் மூச்சு விடப்பிடாது. ஒம் புருசன்ட்ட கூட."

சரி என்றேன். கம்பியைப் பற்றி நான் பேசவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை. ஏறக்குறைய மூன்று மாதமாக அந்தக் கம்பி என் வீட்டில், என் தலையணையில், என் மகளின் காதில் இருந்தது. அக்கா போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றினேன். இனி என்ன பயன் என்று தெரிந்தேதான் கழற்றினேன்.

பிறகு என் மகளின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தேன். ஹெபடைடிஸ் பி வரிசையில் பிறந்த அன்று, ஆறாவது வாரம், பத்தாவது வாரம் எல்லாவற்றிலும் தேதியும் கையெழுத்தும் இருந்தன. பதினான்காவது வாரத்துக் கட்டம் காலி. அந்தச் சமயம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அங்கே சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போனது நினைவிருக்கிறது. "அட்டைய கொண்டு வரலியாம்மா?" என்று நர்ஸ் கேட்டது நினைவிருக்கிறது. ஊசி போட்டார்களா, அட்டையோடு வா என்று அனுப்பிவிட்டார்களா? அன்று இரவு குழந்தை அழுதாள். ஊசி வலியால் அழுதாளா, புழுக்கத்தால் அழுதாளா? ஒரு தாய்க்கு இது கூடவா நினைவிருக்காது? கணவருக்கு போன் செய்து கேட்டேன். "போட்டிருப்பாங்க" என்றார். போட்டிருப்பாங்க.

மறுநாள் குழந்தைகள் டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் ரத்தம் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் இந்தியில் நிதானமாகப் பேசினார். மூன்று முறை நிச்சயமாகப் போட்டிருக்கிறது, பெரும்பாலும் பாதுகாப்பு இருக்கும் என்றார். நான் 'பெரும்பாலும்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் குத்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஊசி புது உறையிலிருந்து வருகிறதா என்று பார்த்தேன். பார்க்க வேண்டிய நாளில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள் இப்போது பார்த்து என்ன?

முடிவு இரண்டு விதமாக வந்தது. கிருமி தென்படவில்லை. ஆனால் பாதுகாப்பின் அளவு குறைவு. விடுபட்டதாக வைத்துக்கொண்டு ஒரு ஊசி போட்ட டாக்டர், சில சமயம் ரத்தத்தில் தெரிவதற்கு நாளாகும், காது குத்தி ஆறு மாதம் ஆனதும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார். ஆடி மாதம் வரை காத்திருக்க வேண்டும்.

"சேர்ந்து சாப்பிடலாமா?" என்று கேட்டேன்.

சாப்பிடலாம், ஒன்றாக விளையாடலாம், கட்டிப்பிடித்துத் தூங்கலாம் என்றார். ரத்தம்தான் வழி. நகவெட்டி, டூத் பிரஷ், ரேசர் இவற்றை மட்டும் பொதுவில் வைக்காதீர்கள்.

நகவெட்டி. தாராவி வீட்டில் கதவோரத்து ஆணியில் ஒரு நகவெட்டி தொங்கும். வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான். போன பொங்கலுக்கு என் மகளின் நகத்தை அதால்தான் வெட்டினேன். பிளேடு பாக்கெட்டோடு போன அதே நான்.

கணவரிடம் விடுபட்ட ஊசி என்று மட்டும் சொன்னேன். தாராவிக்குப் போகும்போதெல்லாம் என் மகளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு கொண்டுபோனேன். சேர்ந்து சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கொண்டுபோனேன். "எங்க வீட்டுத் தட்டு இனிக்கலியோ?" என்று அத்தை கேட்டார். "அவளுக்கு இதுலதான் பழக்கம்," என்றேன். அக்கா அந்த டம்ளரைப் பார்த்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தில் பெரியவள் ஓடி விழுந்தாள். மழை ஈரத்தில் வழுக்கி, முட்டி கிழிந்து, ரத்தம் கணுக்கால் வரை ஓடியது. அவளுக்கு இரண்டடி தள்ளி என் மகள், புதிதாக நடை பழகியவள், அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போனாள். நான் பாய்ந்தேன். பாய்ந்து என் மகளைத்தான் தூக்கினேன். தூக்கிக்கொண்டு மூன்று எட்டு பின்னால் போனேன். பெரியவள் தரையில் கிடந்து, "சித்தி, சித்தி" என்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

அக்கா வயிற்றைப் பிடித்தபடி வந்து அவளைத் தூக்கினாள். முட்டியைக் கழுவிக் கட்டுப் போட்டாள். பிறகு என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள்.

"அந்தக் கம்பிதானே?"

நான் தலையாட்டினேன்.

"டம்ளரப் பாத்தப்பமே நெனச்சேன். நீ அன்னைக்கே ரத்தத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்த? ஒரு பிளேடுக்கு அந்தக் குதி குதிச்சியே, இதுக்கு வாயில என்ன வச்சிருந்த?"

"மறுபடி பேசினா எல்லாரும் சிரிப்பாங்கன்னு..."

"சிரிச்சா என்னட்டி? செத்தா போவ? நீ அன்னைக்குக் கேட்டிருந்தா ஒம் பிள்ளைக்கு நல்லது. பொறவு எங்கிட்ட வந்து கேட்டிருந்தா எனக்கு நல்லது. ரெண்டையும் விட்டுட்டு எம் பிள்ளையக் கண்டு ஓடுத."

அவளே மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒம் பிள்ளைக்கு எப்பம் எடுக்கணும்?" என்றாள்.

"அடுத்த மாசம்."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே எடுப்போம். நீதான் கூட வரணும். எனக்கு அந்தத் தாள வாசிக்கத் தெரியாது."

செம்பூரில் ஒரு லேபில் இரண்டு குழந்தைகளும் அடுத்தடுத்த நாற்காலியில், எங்கள் மடியில் உட்கார்ந்தார்கள். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் என் போனுக்கு வந்தது. அக்கா என் பக்கத்திலேயே இருந்தாள். என் மகளுடையது முதலில் திறந்தது. கிருமி இல்லை. பாதுகாப்பு நல்ல அளவில் இருக்கிறது. சித்திரையிலிருந்து சுமந்தது ஒரே நொடியில் இறங்கியது. வாய் விட்டு அழத் தோன்றியது. அழாமல் இரண்டாவதைத் திறந்தேன்.

"சொல்லு," என்றாள் அக்கா.

"இருக்குக்கா."

அவள் போனையே பார்த்தாள். வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளில் எதையோ தேடுவது போல. பிறகு, "ஒம் பிள்ளைக்கு?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு," என்றாள். அவள் உண்மையாகத்தான் சொன்னாள். அதை வாங்கிக்கொள்ளத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் சொல்லாமல் முடியாது என்று ஆனது. நானே சொன்னேன். அத்தை முதலில் கீழாநெல்லியைத் தேடப் புறப்பட்டார். பிறகு ஒருவர் விடாமல் எல்லோரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம், அத்தையும். வேறு யாருக்கும் இல்லை. ஆணியில் தொங்கிய நகவெட்டி ஒரு நாள் காணாமல் போய், அந்த இடத்தில் பெயர் எழுதிய நான்கு நகவெட்டிகள் தொங்கின. யார் மாட்டியது என்று நான் கேட்கவில்லை. அக்காவின் பிரசவத்தன்று பைலோடு வாசலில் நின்று, வந்த ஒவ்வொரு நர்ஸிடமும், "பிறந்ததும் ரெண்டு ஊசி போடணும், மறந்துடாதீங்க," என்று சொல்லி அவர்களிடம் திட்டு வாங்கினேன். பிறந்த சில மணி நேரத்துக்குள் போட்டார்கள். அதுவும் பெண். அவளுக்குக் காது குத்துவதைப் பற்றி வீட்டில் இன்னும் யாரும் பேச்செடுக்கவில்லை. அந்தக் கம்பி என் பீரோவில் இருக்கிறது.

பெரியவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஈரல் நன்றாக இருக்கிறது, கண்காணித்தால் போதும் என்கிறார் டாக்டர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அக்காவால் வர முடியாததால் இந்தத் தையில் நான்தான் கூட்டிப் போனேன். என் மகளும் கூட வந்தாள்.

ஊசியை எடுத்ததும் லேப்காரர் பஞ்சை வைத்து, "தபாகே ரக்கோ," என்று அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார். பெரியவள் கையை என்னிடம் நீட்டினாள். பஞ்சின் நடுவில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. என் மகள் அதைத் தொட்டுப் பார்க்க விரலை நீட்டினாள். அவளை இன்னொரு கையால் தள்ளி நிறுத்தினேன். பிறகு என் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்காவது கீறல் இருக்கிறதா என்று. இல்லை.

பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

"இன்னும் நல்லா அமுக்குங்க சித்தி," என்றாள் பெரியவள். "அம்மா இப்படிப் பயந்து பயந்து பிடிக்க மாட்டா."