வராதவர்கள் எல்லாம் குணமானவர்கள்

காலில் மாட்டும் பைகளைக் கழுவுவது அவள் வேலை. முந்தைய நாள் ஓசோன் வாயு நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் பைகளை உள்ளும் புறமும் சோப்பு நீரில் அலசிக் கம்பியில் கவிழ்த்துத் தொங்கவிடுவாள். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஊதி, வாயைத் திருகிப் பிடித்துக் கன்னத்தோரம் வைத்து அமுக்குவாள். ஓட்டை இருந்தால் காற்று கன்னத்தில் குறுகுறுக்கும். சிறிய ஓட்டைக்கு டேப், பெரியதற்குக் குப்பைத்தொட்டி. அந்தத் தோல் சிகிச்சை மையத்துக்கு வருகிறவர்கள் அவளைப் ‘பைம்மா’ என்று கூப்பிடுவார்கள். முதலில் கடுப்பாக இருந்தது. பிறகு அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். அந்தக் கம்பெனி மூடியதும் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள். கணவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன்; வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள் அதிகம். இந்த மையத்தில் வேலை கிடைத்தபோதுதான் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினாள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. சொரியாசிஸ் வந்த காலை நன்றாக நனைத்து, பைக்குள் விட்டு, தொடையில் ரப்பர் பட்டையை இறுக்கி, குழாயைச் செருகி வாயுவைத் திறக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் வருமே, அப்படி ஒரு காட்டமான வாடை அதற்கு. மூச்சில் ஏறினால் இருமல் பிடுங்கியெடுக்கும். அதனால்தான் பையில் ஓட்டை இருக்கக் கூடாது. அரை மணி நேரம் கால் பைக்குள் கிடக்கும். ஆள் வாயைத் திறந்து மனசைக் கொட்டுவார். சொந்த வீட்டில் தனித் துண்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒட்டுகிற வியாதி இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். செதில் உதிரும் காலை அவள் முகம் சுளிக்காமல் மடியில் தூக்கி வைத்துத் துடைப்பாள். அதற்காகவே இன்னொரு தடவை வந்தவர்கள் உண்டு.

அவர்களுக்கு உண்மையில் குணமாகிறதா என்று அவள் ஒருமுறை மையத்துக்காரரிடம் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை, தன் காலையே பைக்குள் விட்டுக்கொள்கிறவர். பழைய முகங்கள் ஏன் வருவதில்லை தெரியுமா, குணமானவன் எதற்கு வருவான் என்று சிரித்தார். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து யாராவது வராமல் நின்றால், அப்பாடா, சுகமாகிவிட்டார் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொள்வாள்.

அப்படிச் சந்தோஷப்பட்டுத்தான் அக்காவையும் இழுத்து வந்தாள்.

அக்கா பேக்கரியில் கவுண்டரில் நின்றவள். முழங்கையிலும் காலிலும் திட்டுகள் பரவியதும் முதலாளி அவளைப் பின்னால் பெட்டி கட்டும் வேலைக்குத் தள்ளினார். மாவு உதிர்கிற இடத்தில் என் தோல் உதிர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அக்கா கேட்டுப் பார்த்தாளாம், அவர் சிரிக்கவில்லை. தோல் டாக்டர் வாரம் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். போட்டால் இரண்டு நாள் குமட்டும். மூட்டுக்குப் போகாமல் தடுக்கத்தான் இது, நானாக நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதே என்று அவர் எச்சரித்ததும் உண்டு. இவள்தான் சைக்கிள் கடைக்காரரின் கதையைச் சொன்னாள். கால் முழுக்கச் செதிலோடு வந்தவர், கொஞ்ச நாள் பை போட்டார், இப்போது வருவதே இல்லை, அவ்வளவு சுகம். மையத்துக்காரரும் மாத்திரையை விடச் சொன்னார், இரண்டு தோணியில் கால் வைக்க வேண்டாமென்று.

திட்டுகள் வெளுக்கவும் செய்தன. திங்கட்கிழமையிலிருந்து கவுண்டருக்கு வா என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்கா புதுச் சேலை எடுத்தாள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் வீங்கிச் சிவந்து கிடந்தது. தட்டில் இடித்துக்கொண்டேன் என்றாள். இடித்த வீக்கம் வற்ற வேண்டுமே, இது நாளுக்கு நாள் ஏறியது.

நேற்று இவள் மகளின் சைக்கிள் பஞ்சர். உருட்டிக்கொண்டு போன இடத்தில் அதே சைக்கிள் கடைக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்து வேறொருவரிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைத்தடி. பைம்மா, நல்லாயிருக்கியா என்று அன்பாகத்தான் கேட்டார். குணமாகிட்டீங்கன்னு நினைச்சேனே என்றாள். அவர் கோபப்படவில்லை. “யாரு சொன்னா? முட்டி ரெண்டும் போச்சும்மா. படி ஏற முடியல, அதான் வரல. மாத்திரைய விட்டிருக்கக் கூடாதுன்னு டாக்டர் திட்டுறார்” என்றார்.

ராத்திரி முழுக்க அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. வராமல் போன முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

இன்று அக்கா வந்தாள். வழக்கம்போல் இவள் அக்காவின் காலை நனைத்து, பட்டையை இறுக்கி, வாயுவைத் திறந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மையத்துக்காரர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் நாளை வேலை இல்லை. பை உப்பும்வரை பொறுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அக்கா, சைக்கிள் கடைக்காரர் குணமாகல.”

“எந்தச் சைக்கிள் கடை?”

“நான் சொன்னேனே, அவருதான். மாத்திரைய விட்டதுல முட்டி போயிருச்சு. உன் விரல் தட்டுல இடிச்சது இல்லக்கா. சாயங்காலமே டாக்டர்கிட்ட போவோம்.”

“நல்லா இருக்குடி. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவளும் நீ, இப்பக் கழுத்தைப் பிடிச்சுத் தள்றவளும் நீ. தோல் வெளுத்திருக்கே, அது பொய்யா?”

“வெளுத்திருக்கு. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உன்கிட்டப் பேசினேன் பாரு, அதான் தப்பு.”

“திங்கக்கிழமை நான் கவுண்டர்ல நிக்கணும். மாத்திரையப் போட்டுக்கிட்டு, வாந்தியை அடக்கிக்கிட்டா கேக் வெட்டுவேன்?”

“விரல் மடங்கலன்னா எதை வெச்சு வெட்டுவே?”

போன் பேச்சு நின்றது. “என்னம்மா அங்க?” என்றார் மையத்துக்காரர். ஒன்றுமில்லை சார், வாயு அளவு பார்க்கிறேன் என்று பழகிய வாய் தானாகச் சொன்னது. அதைக் கேட்டு அக்காவின் உதடு கோணியது. “பார்த்தியா, அவருகிட்ட ஒரு பேச்சு, என்கிட்ட ஒரு பேச்சு” என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து ரப்பர் பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வேண்டாம் என்று இவள் சொல்வதற்குள் பட்டை அவிழ்ந்தது. காட்டமான வாடை குப்பென்று அறையில் ஏறியது. ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினாள். ஜன்னல் கொக்கி சிக்கிக்கொண்டது. தோளால் முட்டித் திறந்தாள். இருமலில் கண்ணீர் முட்டியது. திரும்பினால் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஈரக் காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். குதிகால் வாரை இழுக்க வலது கை உதவவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு இடது கையால் இழுத்தாள்.

வெளியே மையத்துக்காரரின் காலடி நெருங்கியது. இவள் குரலைத் தாழ்த்தவில்லை. “சாயங்காலம் உன் வீட்டுக்கு வர்றேன். டாக்டர்கிட்ட வருவியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லிட்டுப் போக்கா.”

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டி, வீங்கிய விரல் படாமல் முழங்கையால் கதவைத் தள்ளி, உள்ளே வந்த மையத்துக்காரரைச் சுற்றிக்கொண்டு வெளியேறினாள்.