ஏழாம் பாத்தியின் தரை

கிளெம் டிரெவார்த்தாவின் சட்டைப்பையில் எப்போதும் நூலில் கட்டிய ஒரு உப்புக்கல் இருக்கும். உப்புப் பாத்தி நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க மேலாளர் ஹோலிஸிடம் கண்ணாடி மிதவைமானி இருந்தது. கிளெம்முக்குக் கல்தான். அதை நீருக்குள் இறக்கி, ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு இழுப்பான். விளிம்பு மழுங்கியிருந்தால் அந்த நீர் இன்னும் உப்பைக் கரைக்கும். விளிம்பு அப்படியே கூர்மையாக இருந்தால் அது தெவிட்டிய நீர். அதற்கு மேல் ஒரு மணி உப்பைக்கூட ஏற்காது. வெயிலில் இன்னும் வற்றினால், தாங்க முடியாததை அடியில் படியவிடும். உப்பு விளைவது அப்படித்தான்.

"நாயைக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போற மாதிரி கல்லை இழுத்துட்டு அலையுறான் பாரு," என்பான் லாரி ஓட்டும் டெஸ்.

"உன் லாரிய விட இது சொன்ன பேச்சு கேக்கும்டா."

வளைகுடா ஓரத்து அந்த உப்பளத்தில் அவனுக்கு இருபத்தாறு வருடம். கடைசி மூன்று கோடையும் ஏழாம் பாத்திக்கே போயின. சேற்றின் மேல் உப்பையே படியவைத்துக் கெட்டித் தரையாக வளர்த்துக்கொண்டிருந்தான். ஐந்து அங்குலம் வந்தால்தான் புது அறுவடை இயந்திரத்தின் எடையைத் தாங்கும். ஈஸ்டருக்குள் தாங்கவில்லையென்றால் இந்தக் கரையை மூடிவிட்டு எல்லோரையும் எதிர்க்கரை உப்பளத்துக்கு அனுப்புவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மற்றவர்களுக்கு அது வீடு மாற்றம். கிளெம்மின் மனைவி நோலாவுக்கு அப்படியில்லை. மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால், கல்லறையில், அவர்கள் மகள் பெரில் கிடந்தாள். ஒன்பது வயதில் போனவள். நோலா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அங்கே போகத் தவறியதில்லை.

அங்கே கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரியில், தரை நான்கரை அங்குலம் வளர்ந்திருந்தபோது, யாரும் எதிர்பாராத மழை கொட்டியது. காலையில் கிளெம் ஏழாம் பாத்தியின் மழைநீரை வடித்தான். வடியாமல் குழிகளில் நின்றது தரையை அரித்துக்கொண்டிருந்தது. உடனே தெவிட்டிய நீரைப் பாய்ச்சி மூடினால் அரிப்பு நிற்கும். அந்த நீர் பக்கத்து ஆறாம் குளத்தில் இருந்தது. ஆனால் அதன் மேலும் மழைநீர் மிதந்தது. உப்புநீர் கனம், மழைநீர் லேசு. காற்று நன்றாக வீசினாலொழிய இரண்டும் கலக்காது. ஆகவே குளத்தின் கடல் பக்கத்து மதகின் மேல்பலகைகளைக் கழற்றி, மிதக்கும் நீரை இரண்டு நாள் கடலுக்கு ஓடவிட்டான்.

சனிக்கிழமை மதியம் குளத்தில் கல்லை அடிவரை இறக்கினான். விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. கல்லும் நீரும் வெதுவெதுவென்று இருந்தன, அவித்த முட்டையைத் தொட்டாற்போல. நல்ல வெயில் ஏறியிருக்கிறது என்று அவனுக்குச் சந்தோஷம். ஹோலிஸும் அடியிலிருந்து ஒரு புட்டி நீர் எடுத்து மானியை விட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கிளெம் ஏழாம் பாத்திப் பக்கத்து மதகைத் திறந்தான்.

திங்கட்கிழமை காலை பாத்தியின் வெண்மை போய்ப் பழுப்பாகக் கிடந்தது. டெஸ் லாரியை மெதுவாக இறக்கிப் பார்த்தான். பத்தடி போவதற்குள் முன்சக்கரம் சேற்றில் புதைந்தது.

"கிளெம், உன் தரை எங்க நண்பா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவன், அவன் முகத்தைப் பார்த்ததும் லாரியின் எஞ்சினை அணைத்தான்.

கிளெம் முழங்கால் சேற்றில் நின்று கையால் துழாவினான். நான்கரை அங்குலத்தில் ஒரு விரல் கனம்கூட மிச்சமில்லை. முதலில் அடிநீர் வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே, குளத்தின் மேல் வடியாமல் தங்கிய மழைநீர் அத்தனையும் பசியோடு வந்து மூன்று கோடையையும் தின்றிருக்கிறது.

"உன் மேல தப்பில்ல, டிரெவார்த்தா," என்றார் ஹோலிஸ். "மானியும் சரியாத்தான் காட்டுச்சு."

"கல்லு சூடா இருந்துச்சு."

"அதனால என்ன?"

கிளெம் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். மேலே லேசான நீர் மூடி போட்டதுபோல் நின்றால்தான் அடிநீர் அப்படிச் சூடேறும். புதிதாக வருகிற ஒவ்வொருவனிடமும் அவன் வாயாலேயே சொன்ன பாடம் அது. அடி சூடாக இருந்தால் மதகைத் தொடாதே. கையில் வந்த சூட்டை அவன் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டான். நான்கரையும் அரையும் ஐந்து என்றுதான் மனம் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் நோலா இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மாவை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான், சூட்டையும் மறைக்கவில்லை.

"சூடா இருக்குன்னு தெரிஞ்சும் திறந்தியா?"

"ஆமா."

அவள் மாவின் விளிம்பை விரலால் அழுத்தி அழுத்தி முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் முடித்தாள். அழுவாள், கத்துவாள், கரண்டியை எறிவாள் என்று அவன் காத்திருந்தான். பெரில் போனபோது இதே மேசையில் கிடந்த தட்டுகளை எல்லாம் உடைத்தவள். இப்போது அவளிடம் அதற்கும் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

"எப்ப போகணும்?"

"ஈஸ்டர் கழிஞ்சதும்."

"அவ கல்லறை வேலிக்கு வெள்ளை அடிக்கணும்னு சொல்லிட்டே இருந்தேனே. இந்த வாரம் அடிச்சுடு. ரெண்டு பூச்சு."

"ரெண்டு பூச்சு அடிச்சாலும் இந்த உப்புக் காத்துக்கு ஒரு வருஷந்தான் நோலா தாங்கும்."

"தெரியும்," என்றாள். "அடி."

அவன் எழுந்து கொட்டகைக்குப் போனான். பெயின்ட் டப்பாவைக் கண்டுபிடித்து மூடியை நெம்பித் திறந்தான். போன வருடத்து மிச்சம், மேலே தோலாகக் காய்ந்திருந்தது. ஒரு குச்சியை எடுத்து அதைக் கிழித்து, அடிவரை விட்டு, நீண்ட நேரம் கலக்கிக்கொண்டே இருந்தான்.