7611757-க்குக் கீழே வெட்டியது

எதெல்கா அக்காவைப் போல ஓர் அழுத்தக்காரியை மாக்கோ ஊரில் நான் கண்டதில்லை. வெங்காயக் கிடங்கில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவள். புருஷன் வெண்டெலுக்கு ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளின் எண்களைக் குறிக்கும் வேலை. அவர் அவளை முதன்முதலில் பார்த்தபோது அவள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெட்டியின் எண் 7611757.

ஓய்வு பெற்றதும், அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் மீதியின்றி வகுபடாது என்று நிரூபிக்கக் கிளம்பினார் மனுஷன். 2753 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் 402. காலைக் காப்பியோடு மருந்துபோல நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் தொடமாட்டார். 399 முறையும் மீதி வந்தது. மூன்று பாக்கி இருக்கையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்லறைக் கல் வெட்டும் வேலை என்னுடையது. எங்கள் வழக்கப்படி இருவர் பெயரையும் வெட்டி, அவள் இறக்கும் வருடத்துக்கு மட்டும் இடம் விட்டேன். மேலே 7611757. அதன் கீழே ‘பிரிக்க முடியாதது’ என்று வரவேண்டும். அது வெண்டெலின் கடைசி ஆசை. புனிதர் திருநாளுக்கு இன்னும் நாலே நாள். ஊரே சாமந்தியோடு கல்லறைக்கு வரும். அரைகுறைக் கல் நின்றால் என் மானம்தான் போகும்.

"வெட்டிரட்டுமாக்கா?"

"இரு கெல்லெர்ட். மூணு பாக்கி இருக்கு."

"399 ஆயிருச்சு. மூணு என்ன கிழிச்சிரப் போவுது?"

"399 மூட்டைய ஏத்திட்டு மூணத் தரையில விட்டா, வண்டி நெறஞ்சுதுன்னு எழுதுவியா?"

மறுநாள் காலை சுண்ணாம்புக் கட்டியோடு பட்டறைக்கு வந்துவிட்டாள். கனமான மூட்டையை முதலில் ஏற்றுவது கிடங்குப் பழக்கம். அதனால் 2753-ல் ஆரம்பித்தாள். மீதி 2465. "நாளைக்கு வரேன்" என்று போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் 2749. மீதி 2525.

மூன்றாம் நாள் 2741. வகுத்தாள். அழித்துவிட்டு மறுபடி வகுத்தாள். இரண்டு முறையும் மீதி பூஜ்யம்.

"அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அவரு ஆசப்பட்டதையே வெட்டிர்றேன்."

"பொய்யக் கல்லுல வெட்டிட்டு, நாளைக்கு அந்த மனுஷன் பக்கத்துல நான் எந்த மூஞ்சியோட படுக்கிறது?"

கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஈவு வந்த இடத்தில் விரலை வைத்தாள். 2777.

"அவரு பேருக்குக் கீழ 2741. என் பேருக்குக் கீழ 2777. நடுவுல பெருக்கல் குறி."

"பிரிஞ்சு போச்சேக்கா..."

"எங்கடா பிரிஞ்சுது? ரெண்டுல ஒண்ண எடுத்துட்டு மேல இருக்கிறதக் கொண்டுவா பாப்போம்."

உளியை எடுத்தேன். அந்தப் பெருக்கல் குறியை மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக வெட்டினேன்.