எக்ஸ்ரே அண்ணையின் கொத்தமல்லி அறை

எக்ஸ்ரே அண்ணையின் மனைவி மனோ அக்காவின் அழைப்பு வந்தபோது நான் ஊர்காவற்றுறைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். காலை எட்டு மணி. "மிஸ்ஸி, இவர் போயிட்டார்," என்றார். தேநீர் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோ கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் அப்போது என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு அவர் கேட்டார்:

"அந்த அறைக்குள்ளை லைட் எரியுது. அதை நிப்பாட்டுறதோ, விடுறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை."

"விடுங்கோ அக்கா. நான் வாறன்," என்றேன்.

எந்த அறை, எந்த விளக்கு என்று எங்கள் ஊரான நாரந்தனையில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அமரர் சற்குணநாதன் அவர்கள் தீவுப் பகுதி வைத்தியசாலை ஒன்றில் எக்ஸ்ரே படம் எடுப்பவராக நீண்ட காலம் கடமையாற்றியவர். நான் அங்கே தாதியாக இருந்தேன். நோயாளர்களுக்கு அவர் 'எக்ஸ்ரே அண்ணை'. தாதிமாரை எல்லோரும் 'மிஸ்ஸி' என்று அழைப்பது வழக்கம்; நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் அவர் என்னை அப்படியே அழைத்தார். என் பெயர் அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

கேள்வி கேட்பது அவருடைய இயல்பு. பனையிலிருந்து விழுந்து கை முறிந்து வந்தவரிடம் நாங்கள் எல்லோரும் "எப்பிடி விழுந்தனீங்கள்?" என்று கேட்போம். அவர், "முதல் எந்தக் கை நிலத்திலை பட்டது?" என்று கேட்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். வலியில் துடிப்பவரும் அந்தக் கேள்விக்காக ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்தில் படம் எடுத்து முடித்துவிடுவார்.

அந்தக் காலத்தில் எக்ஸ்ரே படங்களை இருட்டறையில் வைத்துத்தான் கழுவ வேண்டும். அங்கே மங்கலான சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரியும். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று அவர் ஊறவைத்த பயறு அந்த அறையிலேயே மறந்துபோய்க் கிடந்தது. பாதி சிவப்பு விளக்கின் கீழே ஒரு கோப்பையில், மீதி அலுமாரிக்குள் ஒரு தகரப் பேணியில். சில நாட்கள் கழித்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வார்ட்டுக்கே வந்துவிட்டார். அலுமாரிக்குள் இருந்தவை வெளிறி, நூல்போல நீண்டு, இலை விரியாமல் கிடந்தன. விளக்கின் கீழே இருந்தவை குட்டையாக நின்று, சின்ன இலைகளை விரித்திருந்தன. கொஞ்சம் பச்சையும் ஏறியிருந்தது.

"மிஸ்ஸி, இதைப் பாரும். சிவப்பு வெளிச்சம் பிலிமின்ரை கண்ணுக்குத் தெரியாது. அதாலைதானே அந்த லைட்டைப் போட்டிருக்கிறம். ஆனா பயறுக்குத் தெரியுது."

நான் அப்போது ஊசி போடும் அவசரத்தில் இருந்தேன். "அதுக்கு இப்ப என்ன அண்ணை?" என்றேன்.

"ஒண்டுமில்லை. அதுக்கு வேறை என்ன தெரியும் எண்டு அறியோணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு படங்களைக் கணினியில் பார்க்கும் முறை வந்தது. இருட்டறையில் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்தார்கள். அவரும் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே தன் வீட்டில் வெங்காயம் போட்டு வைக்கும் பக்க அறையைத் துப்புரவாக்கி, யன்னலை அடைத்து, கொழும்பிலிருந்து ஊதா நிற விளக்குகளை வருவித்துத் தட்டுத் தட்டாக மாட்டினார். அது மனோ அக்காவின் தையல் மெஷினுக்கென்று பேசி வைத்திருந்த அறை. "முப்பது வருசம் இருட்டுக்கை இருந்த மனுசன், வெளியிலை வருவார் எண்டு பாத்தன். வீட்டுக்கையும் ஒரு இருட்டறை கட்டிப்போட்டார்," என்று அக்கா என்னிடம் குறைப்பட்டார். தட்டுகளில் மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய்த் தும்புத்தூள். அதில் கொத்தமல்லி, புதினா, வல்லாரை, கீரை. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் மாரியில் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரை அளந்து ஊற்றுவார்.

பொழுதுபடும் நேரத்தில் கதவிடுக்கால் ஊதா வெளிச்சம் ஒழுங்கை வரைக்கும் விழுந்தது. எக்ஸ்ரே அண்ணை மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று கதை பரவியது. அடுத்த வீட்டுப் பரமேசு அக்கா, கர்ப்பமாக இருந்த மருமகளை அந்த ஒழுங்கையால் போக விடவில்லை. சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். இதைக் கேள்விப்பட்டு அண்ணை கோபப்படவில்லை. தானே போய் இருவரையும் கூட்டி வந்தார். பழைய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை வெட்டி, அதன் மேல் கையை வைத்து விளக்கின் கீழே காட்டினார்.

"பாருங்கோ, என்ரை எலும்பு தெரியுதோ?"

"இல்லை," என்றார் பரமேசு அக்கா.

"தெரிஞ்சால் நான் முதல் சந்தோசப்படுவன். மெஷின் வாங்கிற காசு மிச்சம்."

மருமகள் முதலில் சிரித்தார். பிறகு மாமியாரும் சிரித்தார். போகும்போது ஒரு பிடி வல்லாரையும் கொண்டு போனார்கள். சில மாதங்களில் ஊதா விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்குகள் மாட்டினார். ஊர்க்கதைக்காக அல்ல. ஊதா வெளிச்சத்தில் இலையில் நோய் விழுந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் காரணம்.

நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கு வீட்டோடு நல்ல தண்ணீர்க் கிணறும் தோட்டமும் உண்டு. "இந்த வெயிலுக்கை லைட் போட்டுக் கீரை வளர்க்கிற ஆள் உலகத்திலை நீங்கள் ஒருத்தர்தான்," என்றேன்.

"நீர் சொல்லுறது சரியாயிருக்கும். ஆனா எவ்வளவு சரி எண்டு தெரியோணுமே. நீர் வெளியிலை போடும், நான் உள்ளுக்கை போடுறன். ஒரே விதை. ஒரு வருசம் பாப்பம்."

இப்படித்தான் நான் அதில் மாட்டிக்கொண்டேன். விதைத்த நாள், ஊற்றிய தண்ணீர், வெட்டிய இலையின் நிறை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். ஞாயிறு பின்னேரங்களில் மனோ அக்காவின் குசினியில் தராசை வைத்து நிறுப்போம். நான் ஒருமுறை தண்ணீர்க் கணக்கை அளக்காமல் அண்ணளவாக, குத்துமதிப்பாகச் சொன்னபோது அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். "மிஸ்ஸி, காய்ச்சல் பாக்கேக்கையும் இப்பிடித்தான் எழுதினனீரோ?" என்றார். அதற்குப் பிறகு நான் அண்ணளவு சொன்னதில்லை.

தக்காளியில் அவருக்குத் தோல்விதான். செடி நன்றாக வந்தது, பூவும் பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. அறைக்குள் காற்றுமில்லை, வண்டுமில்லை. வண்டு பூவை உலுக்குவதால்தான் மகரந்தம் கொட்டுகிறது என்று எங்கோ வாசித்துவிட்டு, தன் கைத்தொலைபேசியை அதிர்வில் போட்டுப் பூங்கொத்தின் காம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தொலைபேசியிலிருந்து என்னை அழைத்தார்.

"மிஸ்ஸி, என்ரை மொபைலுக்கு ஒருக்கா கோல் எடும். எடுத்திட்டுக் கதைக்காதையும்."

நானும் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அழைப்பேன். அவர் எடுக்கமாட்டார். ஒரு கிழமை பார்த்துவிட்டு மனோ அக்கா என்னை நேரே கேட்டுவிட்டார்: "மிஸ்ஸி, ஏதும் அவசரமோ? நீர் அடிக்கிறீர், இவர் எடுக்கிறாரில்லை. ரெண்டு பேருக்கும் ஏதும் பிரச்சினையோ?" விளங்கப்படுத்தியபோது தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஏழு காய் பிடித்தது. ஒன்றை எனக்குத் தந்தார், புளிப்பாக இருந்தது. அப்படியே எழுதச் சொன்னார்.

ஒரு வருடம் முடிய விடை வந்தது. கீரையிலும் வல்லாரையிலும் என் தோட்டம் அவருடைய அறையை வெகு தூரம் விட்டுவிட்டுப் போயிருந்தது. கடும் வெயில் மாதங்களில் மட்டும் என் கொத்தமல்லி இலை வைக்காமல் பூத்துப் போனது. அவருடையது பச்சைப் பசேலென்று நின்றது. தண்ணீரில்தான் பெரிய வித்தியாசம். நான் ஐந்து போத்தல் ஊற்றிய இடத்தில் அவருக்கு ஒன்று போதுமாயிருந்தது.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டில் வாழும் ஊரவர்களின் சங்கத்திலிருந்து சிலர் வந்தார்கள். அறையைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். ஊரில் முப்பது வீடுகளுக்கு இப்படி விளக்கும் தட்டும் கொடுப்பதென்றும், அண்ணையே அதற்குப் பொறுப்பாக இருப்பதென்றும் பேச்சு. மனோ அக்காவுக்கு அன்று முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தன் கணவரின் பைத்தியத்துக்கு ஊர் ஒரு பெயர் வைக்கப்போகிறது என்ற சந்தோசம் அது. எனக்கும் உள்ளூர ஆசைதான். எங்கள் ஒழுங்கையில் தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு ஒரு தட்டு வாங்கித் தருவதாக நான் முன்கூட்டியே சொல்லியும் விட்டேன்.

வாசிகசாலையில் கூட்டம். அண்ணை கொப்பியைத் திறந்து எங்கள் ஒரு வருடக் கணக்கை நிதானமாக வாசித்தார். பிறகு சொன்னார்:

"நாரந்தனைக்கு இது தேவையில்லை. இஞ்சை நல்ல தண்ணிக் கிணறு இருக்கிற ஆக்களுக்கு வெயிலே போதும். என்னைப்போல உவர்த் தண்ணிக்காரருக்கு மழைத் தொட்டி கட்டிக் குடுத்தால் லைட்டை விடப் பிரயோசனம்."

வந்தவர்களில் ஒருவர், "ஐயா, நீங்கள்தானே இதை இஞ்சை தொடங்கின ஆள்?" என்றார்.

"ஓம். அதாலைதான் எனக்குத் தெரியும்."

திட்டம் நின்றது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் விடைபெற்றார்கள். ஊரில் சிலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். மனோ அக்கா மூன்று நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. எனக்கும் கோபம். அன்று திரும்பி வரும் வழியில், "நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருந்திருக்கலாம்," என்றேன்.

அவர் சைக்கிளை நிறுத்தினார். "மிஸ்ஸி, எலும்பு முறியேல்லை எண்டால், முறிஞ்சது எண்டு நான் சொல்லேலுமோ? முறிவுக்குப் பத்துப் போட ஆசையாய் ஒராள் நிக்கிறார் எண்டதுக்காக?"

அவர் சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல நாட்கள் எடுத்தன. ஒப்புக்கொண்டதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நெடுந்தீவிலிருந்து றெஜினா என்ற பெண் அவரைத் தேடி வந்தார். அவருக்கு ஐம்பது வயது. இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துபவர். படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"லைட் வேண்டாம் எண்டு சொன்ன ஆளைப் பாக்க வந்தனான்," என்றார்.

"நான்தான் அது. ஏன் பிள்ளை?"

"வேண்டும் எண்டு சொல்லுற ஆக்கள் கனபேர் இருக்கினம். வேண்டாம் எண்டு சொன்னவர் எண்டால் ஆருக்கு வேணும் எண்டும் சொல்லுவார் எண்டு நினைச்சனான்."

காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாட்களில் அவருடைய கடைக்கு ஒரு பிடி கொத்தமல்லியும் கிடைக்காது. ஓடும் நாட்களில் வருவதும் வாடித்தான் வரும். குடிக்கிற தண்ணீரையே அளந்து பாவிக்கும் இடம்; தோட்டம் செய்ய ஏலாது. கூரையில் சூரிய மின்தகடு மட்டும் இருக்கிறது. அண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எத்தனை பேருக்குச் சமையல், அறையின் நீளம் என்ன, காற்று எந்தப் பக்கத்தால் வரும், உப்பு எதுவரை படியும். கடைசியில் கொப்பியை மூடிவிட்டு, "உமக்கு வேணும்," என்றார். அவர் அவ்வளவு சந்தோசமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மனோ அக்காவும் அன்று கோபம் மறந்து இடியப்பம் அவித்தார்.

தைப்பொங்கல் கழிய நெடுந்தீவுக்குப் போவதென்று நாங்கள் மூவரும் பேசி வைத்திருந்தோம். அதற்கு முன் அந்தக் காலை வந்துவிட்டது.

செத்தவீட்டன்று அறையின் கதவைச் சாத்தி வைத்தோம். விளக்கு உள்ளே எரிந்தபடியே இருந்தது. நான்தான் நாளுக்கு ஒருமுறை போய் அளந்து தண்ணீர் ஊற்றினேன். முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த பின் மனோ அக்கா, "அவர் போறன் எண்டு சொன்ன இடத்துக்கு இதுகளைக் கொண்டு போவம்," என்றார். தட்டுகளில் பாதியையும் அவற்றின் விளக்குகளையும் பழைய சேலைகளால் சுற்றிக் கட்டினோம். படகில் உப்புத் தண்ணீர் தெறிக்காமல் அக்கா மடியில் ஒரு தட்டை வைத்துக் குடையால் மறைத்துக்கொண்டு இருந்தார்.

றெஜினாவின் பின்னறை கோறைக்கல் எனப்படும் கடல் பவளக்கல்லால் கட்டிய சுவரால் ஆனது. எங்களுக்காகப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். அண்ணையின் கொப்பியைப் பார்த்து விளக்குகளை மாட்டி எரிய வைத்தோம். சுவர் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்ததில் கண் கூசியது. றெஜினா சுவரையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸி, இவ்வளவு வெளிச்சம் சுவரிலை பட்டுத் திரும்பி வருதே. ஒரு லைட்டைக் குறைச்சாலும் இதுகளுக்குப் போதுமோ?"

நானும் மனோ அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் விடை தெரிந்திராது. ஆனால் அன்று இரவு நித்திரை கொண்டிருக்கமாட்டார்.

"தெரியாது," என்றேன்.

"அப்ப ஒரு தட்டை ரெண்டு லைட்டோடை விடுவம். மற்றதை ஒண்டோடை விட்டுப் பாப்பம்," என்று சொல்லி, அக்காவிடம் பேனையை வாங்கி, கொப்பியில் அன்றைய திகதியை எழுதினார் றெஜினா.

சற்குணநாதன் அண்ணை, உங்களுடைய கையெழுத்துக்குக் கீழே இப்போது வேறொருவருடைய கையெழுத்து இருக்கிறது. நீங்கள் எங்களிடம் சொன்னது எதுவும் அண்ணளவு அல்ல. நானும் இதில் அண்ணளவாக எதையும் எழுதவில்லை. அமைதியாக இருங்கள்.