அண்ணனின் ஆராய்ச்சியும் அண்ணியின் மஞ்சள் கயிறும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப்பேர் அண்ணனுக்குத் தலையைக் கொடுத்தவர்கள். கல்யாணத்துக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் "ஸ்கேனுக்கு எப்ப வரீங்க?" என்றுதான் அவர் கேட்பார். அவரைக் கண்டதும் நழுவியவர்களும் உண்டு. அவர்களும் இன்று வந்திருப்பதில் மகிழ்ச்சி.

சித்தூரை அடுத்த குடிபாலாவில் கரும்பு பயிரிட்ட குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அடுத்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று படித்தார். அவர் திருப்பதியில் மருத்துவப் படிப்பில் சேர்ந்த வருடமே, நாங்கள் நைனா என்றழைத்த அப்பா போய்விட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு அம்மா படிக்க வைத்தார். மூளை அறுவை சிகிச்சை நிபுணரானதும் திருப்பதியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் மட்டும் சரளமாகத் தெலுங்கு வரும்.

மூளையில் ஓடும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலமிழந்து, சைக்கிள் டியூப் போலப் புடைத்துக்கொள்ளும். அது வெடித்த பிறகு வருகிறவர்களுக்குத்தான் அண்ணன் அறுவை சிகிச்சை செய்துவந்தார். பலர் பிழைக்கவில்லை. எந்தப் புடைப்பு வெடிக்கும், எது சும்மா கிடக்கும் என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா? அவருடைய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கேள்விதான். சொல்ல முடிந்தால் சிலரை முன்கூட்டியே காப்பாற்றலாம், சிலரின் மண்டையைத் திறக்காமலே விட்டுவிடலாம். அதற்கு நோயில்லாதவர்களின் படங்களும் வேண்டும். இது பெண்களுக்கு அதிகம் வரும் நோய் என்பதால் பெண்களின் படங்கள் அவசியம்.

பெண்கள் வரவில்லை. ஸ்கேன் இயந்திரம் பெரிய காந்தம், அந்த அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது. தாலியைக் கழற்ற வேண்டும். "புருஷன் உயிரோட கீறப்ப தாலிய கழட்டுவாங்களா? வேற எவளயாச்சும் பாரு" என்று எங்கள் பெரியம்மாவே சொல்லிவிட்டார். போய்வந்து திரும்பப் போட்டுக்கொள்வதுதானே என்று அண்ணன் விழித்தார். அண்ணிதான் வழி கண்டார். மஞ்சள் கயிறு வாங்கி, அதில் மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்து, ஸ்கேன் அறை வாசலில் நின்றார். கயிற்றைக் கட்டிய பிறகுதான் தாலியைக் கழற்றுவது. கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதல் ஆளாக நான் போனேன்.

என் படத்தில் புடைப்பு இருந்தது.

அண்ணன் மறைக்கவில்லை. "சின்னதாத்தான் கீது. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி இடத்துல கீறது சும்மா கெடக்கும். வருஷா வருஷம் படம் எடுத்துப் பாத்துக்கினு இருப்போம்" என்றார். என் மாமியார் வேறு கணக்குப் போட்டார். "தாலிய கழட்டிட்டுப் போய்ப் படுத்துக்கினா வேற இன்னா வரும்?" என்றார். பேச்சு ஊர் தாண்டிச் சந்திரகிரி வரை போனது. வருவதாகச் சொல்லியிருந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். தங்கைக்கே ஆபரேஷன் செய்யாத டாக்டர் என்று அண்ணனுக்குப் பெயராயிற்று. எனக்கும் பயம்தான். தும்மல் வந்தால்கூடத் தலையைப் பிடித்துக்கொள்வேன்.

"நீ சொல்றது தப்பாப் போச்சுன்னா அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தப்பாப் போச்சுன்னா அப்புறம் நான் கத்தியே தொடமாட்டேம்மா" என்றார். ஆறுதலாகப் பேச அவருக்கு வராது.

மறுவருடம் படம் மாறவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படியே. நான் நன்றாக நடமாடுவதைப் பார்த்துப் பெண்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள். பெரியம்மா வந்தார். என் மாமியாரும் மூக்குத்தியைக் கழற்றிவைத்துவிட்டு வந்தார். ஆராய்ச்சி முடிந்து கட்டுரைகள் வெளியாயின. வெளிநாட்டு மருத்துவர்கள்கூடப் படங்களை அனுப்பி அண்ணனின் கருத்தைக் கேட்டார்கள். வீட்டில் அவர் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சென்ற ஆண்டு, காலையில் மருத்துவமனைக்குப் புறப்படும்போது மாரடைப்பு வந்து அண்ணன் காலமானார்.

இந்த வருடம் என் ஸ்கேனுக்கு அண்ணி துணைக்கு வந்தார். வழக்கம்போலப் பையில் மஞ்சள் கயிறு வைத்திருந்தார். ஆனால் அதை நர்ஸிடம் நீட்டினார். "நீ கட்டும்மா. நான் இனிமே கட்டக் கூடாது" என்றார். "வருஷா வருஷம் நீங்கதான அண்ணி கட்னீங்க? நீங்களே கட்டுங்க" என்று அவர் முன்னால் தலையைக் குனிந்து நின்றேன். அண்ணி கயிற்றைத் திரும்ப வாங்கி முடிச்சுப் போட்டார். படத்தில் மாற்றம் ஏதுமில்லை.

அண்ணன் போன அன்று காலை ஓடிவந்த அக்கம்பக்கத்தாருக்கும், ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தும் இளம் மருத்துவர்களுக்கும், அண்ணனை நம்பித் தாலியைக் கழற்றிய எல்லாப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் வராதவர்கள் வரலாம். அண்ணி இப்போதும் ஸ்கேன் அறை வாசலில் நிற்கிறார். கயிற்றை அவர்தான் கட்டுவார்.